மூன்றாம் பாகத்தின் இருட்டு

நாசமாய்ப் போன வீடியோ விளையாட்டு. மூன்றாம் பாகம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நான்கு வருடம் காத்திருந்து வாங்கினேன். முதல் இரண்டு பாகங்களில் புதையல் தேடி ஊர் ஊராய்த் தாவித் திரிந்த நாயகனை, இதில் ஒரு குகைக்குள் தள்ளிவிட்டார்கள். கதையில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. வில்லன் பாதியிலேயே திருந்திவிடுகிறான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த இருட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. படி எது, பள்ளம் எது என்று தெரியாமல் விழுந்து விழுந்து செத்தேன்.

ஞாயிறு மதியம் அம்பாங்கானில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டேன். அவனும் இதைத்தான் விளையாடிக்கொண்டிருந்தான்.

“வேஸ்ட் லா மச்சான். கடைசி முடிவு இருக்கே, காறித் துப்பலாம்” என்றான்.

“அந்தக் குகை? ஒரே இருட்டுல்ல?”

“இருட்டா? கொஞ்சம் மங்கலா இருக்கும். படியெல்லாம் நல்லாத்தான தெரியுது?”

ஏதோ சொல்லிப் போனை வைத்தேன்.

டிவியில் வெளிச்சத்தைக் கூட்டினேன். திரை வெளுத்தது, படி வரவில்லை. எனக்கு இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி, வந்து ஒன்பது வருடம். கண்ணைச் சோதிக்கச் சொல்லிக் கிளினிக்கில் கொடுத்த கடிதம் அலமாரியில் கிடந்தது. தினமும் வேன் ஓட்டுகிறேனே, எனக்கென்ன கேடு என்று இருந்துவிட்டேன். புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் பதினொரு பிள்ளைகளை ஏற்றிப் போகிறவன் நான். செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் அந்தச் செம்மண் சாலையில் எந்த வளைவு எங்கே, எந்தக் குழி எங்கே என்பது தோட்டத்தில் பிறந்தவனுக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன் என்று பீற்றிக்கொண்டதும் உண்டு. முதல் இரண்டு பாகங்களையும் அப்படித்தான் திரும்பத் திரும்ப ஆடினேன். எனக்குப் பழக்கமில்லாத இடம் இந்தக் குகை ஒன்றுதான்.

மனைவியைக் கூப்பிடவே பயமாக இருந்தது. கடைசியில் கூப்பிட்டேன்.

“இதுல படி எங்க இருக்குன்னு சொல்லு.”

“என்னங்க, கிண்டலா? இதோ, நடுவுல பெருசா இருக்கே.” சிரித்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். “ஐயோ, தெரியலையா? அப்போ நாளைக்குப் பிள்ளைங்கள எப்படிங்க ஏத்துவீங்க?”

அப்போதுதான் வியாழக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. ஆற்றுப் பாலம் தாண்டியதும் வேனில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். ஆட்டம் போடுகிறார்கள் என்று நினைத்து, “வாய மூடுங்க, கழுதைங்களா!” என்று அதட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டேன்.

முன் சீட்டில் உட்காரும் பிள்ளையின் அம்மாவை அழைத்தேன். நாளைக்கு வேன் வராது என்றேன். வியாழக்கிழமை பிள்ளைகள் எதற்குக் கத்தினார்கள், உங்கள் மகள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

“சொன்னாளே. எதிர்ல மோட்டார் சைக்கிள்ல வந்த பெரியவரு வேனுக்குப் பயந்து கால்வாய்ல விழுந்துட்டாராம். எழுந்து நின்னு உங்களப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினாராம். நீங்க பார்க்கலையா, அண்ணே?”