ராஜா முகம்மது வாங்காத புல்லட்

உத்தமபாளையத்தில் ராஜா முகம்மதுவிடம் கைமாற்றுக் கேட்டால் கிடைக்கும். அவருக்குக் கடன் கொடுக்கத்தான் யாராலும் முடியாது. ஓடைப்பட்டித் தோட்டங்களில் திராட்சை வாங்கிக் கேரளாவுக்கு ஏற்றிவிடுவது தொழில். குலை கொடியில் தொங்கும்போதே ரூபாயை எண்ணி வைத்துவிடுவார். வட்டிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். சேர்த்துச் சேர்த்து அவர் ஃபிரிட்ஜ் வாங்கி முடித்தபோது கோடை போய் அடைமழை பிடித்துவிட்டது. கடைத்தெருவில் அவருக்கு ரொக்க ராஜா என்று பெயர். அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த வருஷம் அவரும் மனைவி சல்மாவும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக ஏற்பாடு. கிளம்புமுன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்ப்பது வழக்கம். மற்றவர்கள் போனிலேயே விசாரித்து முடிப்பார்கள். இவர் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாக இறங்கிவிட்டார். டீக்கடைக்காரர் ரொம்ப யோசித்து, நீங்கள்தான் ஒருநாள் மீதிச் சில்லறை வாங்காமல் போனீர்கள் என்றார். அட்டைப்பெட்டிக்காரர், லாரி ஆபீஸ், யாருக்கும் பாக்கியில்லை. வெற்றியோடு வீடு திரும்பியவரைப் பார்த்து மகள் சாதியாவுக்குச் சிரிப்பு. அவள் தேனியில் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறாள். இன்னும் ஒரு இடம் கேட்கவில்லையே அத்தா என்று, பான் எண்ணைப் போட்டு அவருடைய கடன் அறிக்கையைப் போனில் திறந்தாள். விளையாட்டாகத்தான் திறந்தாள்.

கோயம்புத்தூரில் ஒரு புல்லட் வாங்க ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன். கடைசி இரண்டு தவணை கட்டவில்லை. அதற்கு வட்டி. அத்தனையும் ரொக்க ராஜாவின் பேரில். புல்லட்டில் யாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனீர்கள் என்று சல்மா கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பேங்கில் கடன் கிடைக்காதே என்ற கவலை அவருக்கு எதற்கு? வட்டிக்கு வாங்கிவிட்டுக் கட்டாதவன் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதைச் சுமந்துகொண்டு கஅபா முன்னால் எப்படி நிற்பது? அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இது என் கடன் இல்லை என்று அத்தா பேரில் சாதியா அப்போதே போனில் ஆட்சேபணை பதிந்தாள். கம்பெனியைக் கேட்டு ஒரு மாதத்துக்குள் திருத்த வேண்டும் என்பது விதி. ஆனால் இவருக்கு இருப்புக் கொள்ளுமா? மறுநாளே கம்பெனியின் தேனிக் கிளைக்கு பஸ் ஏறிவிட்டார். மேனேஜர் சண்முகராஜ் நல்ல மனிதர், வம்பே அதில்தான் வந்தது. கடன் வாங்கியவர் கோயம்புத்தூரில் வேறொரு ராஜா முகம்மது, போட்டோவும் விலாசமும் அவருடையவை, பான் எண் மட்டும் மாறிப் பதிந்திருக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் தலைமை ஆபீஸ்தான் மாற்ற வேண்டும், அவர்கள் மெதுவாகத்தான் செய்வார்கள்.

"ரெண்டு தவணதான பாய், நீங்களே கட்டிருங்க. வட்டியத் தள்ளிவிட்டுர்றேன். இன்னைக்கே முடிஞ்சதுன்னு போட்டுட்டா நிம்மதியாப் போயிட்டு வரலாம்ல."

பயண நாள் நெருங்குகிறது, பணமும் பையில் இருக்கிறது. ராஜா முகம்மதுவின் கை சட்டைப்பை வரை போய், அப்படியே இறங்கியது.

"வாங்காத கடன அடச்சா வாங்குனவன்னு நானே ஒத்துக்கிட்டதாயிரும் தம்பி. வேணாம்."

அதற்குப் பிறகு வாரா வாரம் தேனிக்கு நடை. அவர் தலை தெரிந்ததும் சண்முகராஜ் டீ சொல்லிவிடுவார். அறிக்கை திருந்தாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்று ஒருநாள் வீட்டில் ராஜா முகம்மது மெல்லச் சொன்னார். அப்படியானால் அந்தப் புல்லட்டையாவது கொண்டுவாருங்கள், மக்காவுக்கு அதிலேயே போவோம் என்றாள் சல்மா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது சாதியா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமாக வந்தாள்.

"அழிச்சுட்டாக அத்தா. கடன் வரலாறே இல்லன்னு போட்டுருக்கு. இனி எந்த பேங்க்லயும் ஒங்கள நம்பிக் கடன் குடுக்க மாட்டாக."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

சென்னை போகத் தேனியில் ரயில். வழியனுப்ப வந்த சொந்தக்காரர்களை ஸ்டேஷனில் விட்டுவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று ஆட்டோ பிடித்தார். சண்முகராஜ் எழுந்து நின்று, எல்லாம்தான் சரியாகிவிட்டதே பாய் என்றார். இவர் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்தக் கோயம்புத்தூர்க்காரரு பாக்கி ரெண்டு தவணையும் இதுல இருக்கு. வட்டியத் தள்ளுறேன்னு சொன்ன பேச்சு அவருக்கும் உண்டுல்ல?"

சண்முகராஜ் பணத்தை அவர் பக்கமே நகர்த்தினார். அன்றைக்கு அவ்வளவு சொல்லியும் கட்டாதவர், இப்போது எதற்கு என்று கேட்டார்.

"அன்னைக்கு அது எங் கடன்னு இருந்துச்சு தம்பி, தொட முடியல. இப்ப அடுத்தவரு கடன். ஒரு மாசம் நானே சொமந்து பாத்தேன், அவருக்கு எம்புட்டுக் கனக்கும்னு தெரியும்ல."

சண்முகராஜ் வட்டியைத் தள்ளி ரசீது எழுத உட்கார்ந்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் ராஜா முகம்மது நகரவில்லை. எதற்கும் ரசீதில் அந்தக் கோயம்புத்தூர்க்காரருடைய அத்தா பேரையும் விலாசத்தையும் சேர்த்துப் போடச் சொல்லி, போட்டாகிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.