எங்கள் குளத்தில் அன்னம் கிடையாது

பின்லாந்தில் நான் குடியிருக்கும் சிற்றூரில் யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் ஓர் ஏரிப்படம் தொங்குகிறது. படத்தில் ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். வெறும் தண்ணீர், கொஞ்சம் நாணல், மிஞ்சிப்போனால் ஒரு படகு. ஜன்னலைத் திறந்தால் அதே ஏரி நேரிலேயே கிடக்கிறது. நம் ஊரில் சுவரில் ஏறவேண்டுமானால் ஒன்று கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், அல்லது செத்திருக்க வேண்டும். வந்த புதிதில் இந்த ஏரிக்கு என்ன ஆயிற்றோ என்று நான் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டதுண்டு. மாலை போடாததுதான் குறை.

இங்குள்ள நூலகத்தில் ஊர்வரலாற்றுக் குழு ஒன்று கூடுகிறது. ஏரிக்கரைக் குடும்பங்களின் பழைய புகைப்படங்களைச் சேர்த்து, எந்த வளைவில் யார் வீடு இருந்தது, எங்கே பனியில் துளைபோட்டு மீன் பிடித்தார்கள் என்று எழுதி வைக்கிறார்கள். நடத்துகிறவர் மர்யாத்தா, ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்தப் பெயர் ஒரு திருநெல்வேலிக்காரன் வாயில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மனதுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் அவரிடம் பேசுவேன். காகித ஆலையில் கணினி பார்க்கிற எனக்கு அங்கே என்ன வேலை என்றால், காப்பி இலவசம். ஒருநாள் காப்பி தந்த தெம்பில், “எங்கள் ஊரும் ஏரிக்கரைதான். தாமிரபரணித் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிறையும் குளம். உங்கள் ஏரியைவிடப் பழையது” என்று அளந்துவிட்டேன். அவர்களுடையது பனியுகத்தில் உண்டானது என்று பிறகுதான் தெரிந்தது. இந்த நாட்டில் பெருமை பேசினால் யாரும் மறுப்பதில்லை, குறித்துக்கொள்கிறார்கள். குழு நடத்தவிருந்த பழைய படக் கண்காட்சியில் எனக்கும் ஒரு மேசை என்று முடிவாகிவிட்டது.

முக்கூடல் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பெரியப்பா மகன் இசக்கி அண்ணன் அங்கே டிராக்டர் ஓட்டுகிறான். நான் கேட்டதும் வீடு வீடாகப் போய்ச் சுவரில் இருக்கும் படங்களைச் செல்போனில் எடுத்து அனுப்பினான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மாப்பிள்ளை பெண், பட்டாளத்துக்குப் போன சித்தப்பா, மொட்டை போட்ட பிள்ளைகள், எல்லோருக்கும் பின்னால் ஒரே ஏரி. நீல நிறத் தண்ணீர், ஊசிமரங்கள், ஒரு மரக்குடில், ஜோடியாக இரண்டு அன்னங்கள். சேரன்மகாதேவியில் இருந்த ஸ்டுடியோவின் படுதா அது. குளத்துக்கரையில் பிறந்து வளர்ந்த சனம் மொத்தமும் பஸ் ஏறிப்போய், துணியில் வரைந்த சீமை ஏரிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறது.

“அண்ணே, நம்ம குளம் தெரியுத மாதிரி ஒண்ணுமில்லையே” என்றேன்.

“எல்லாத்துலயும் குளம் கிடக்கேலே. அன்னம் வேற நிக்கு. இன்னும் என்ன வேணும்ங்கே?”

“அது படுதாண்ணே.”

“பொறவு? நம்ம குளத்தப் போயி எவம்லே போட்டோ புடிப்பான்? அது அங்கனதான கிடக்கு.”

எங்கள் வீட்டுச் சுவரிலும் அப்பா அந்த அன்னங்களோடுதான் நிற்கிறார். எனக்கு ஆறு வயதில் அவர் போய்விட்டார். குரல்கூட நினைவில்லை. நான் அறிந்த அப்பா அந்தப் படத்தில் இருப்பவர்தான், ஆகவே அவர் இருக்குமிடமும் அந்த ஏரிதான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே வந்த முதல் வருஷம் ஏரியில் நிஜ அன்னங்கள் இறங்கியதைப் பார்த்ததும் கரையில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். நாயோடு நடந்துவந்த ஒருவர் நாயைச் சற்று வேகமாக இழுத்துக்கொண்டு போனார். கண்காட்சிக்காகத்தான் குளத்தைத் தேடுகிறேன் என்று அண்ணனிடம் சொன்னாலும், அப்பாவை அந்தத் துணிக்கு முன்னாலிருந்து நகர்த்தி, அவர் நிஜமாகவே நின்ற ஓர் இடத்தில் ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஒரு வாரம் கழித்து அண்ணனே கூப்பிட்டான். “குளம் தெரியுத போட்டோ ஒரு வகை இருக்குலே. ஆனா அனுப்புதது நல்லாருக்காது. எல்லாம் துட்டிப் படம்.”

துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு. உயிரோடு இருப்பவர்கள் ஸ்டுடியோவுக்குப் போவார்கள்; செத்தவரிடம் ஸ்டுடியோக்காரர்தான் வந்தாக வேண்டும். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது, நாற்காலியோடு வெளியே தூக்கச் சொல்வார். எங்கள் தெருவில் வெளியே என்றால் குளத்துக்கரை. மாலை போட்டு, வாய் திறக்காமலிருக்கத் துணியால் நாடி கட்டி, நெற்றியில் காசு வைத்து உட்காரவைத்த மனிதர், சுற்றிலும் சொந்தபந்தம், பின்னால் படுதா இல்லாத குளம். இந்தப் படங்களை யாரும் சுவரில் மாட்டுவதில்லை, பெட்டிக்கு அடியில் கிடக்கும். அண்ணன் அனுப்பியவற்றில் ஒன்றில் தண்ணீர் நிறைந்து தாமரை இலை மூடியிருக்கிறது. இன்னொன்றில் குளம் வெடித்துக் கிடக்க, நடுவில் ஆடு மேய்கிறது. ஒன்றில் மடைப்பக்கத்து மருதமரம் நிற்கிறது, அடுத்ததில் அது இல்லை. எல்லாப் படத்திலும் தூரத்தில் பொதிகை மலை. ஊரின் வரலாறு மொத்தமும் பிணங்களின் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

அப்பாவின் துட்டிப் படம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. போனில் கேட்டேன்.

“அது வேண்டாம்யா” என்றாள் அம்மா. “அதுல அப்பா இல்ல.”

மறுநாள் அவளாகவே அண்ணனிடம் கொடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். “அப்பாவப் பாக்காத. தண்ணிய மட்டும் பாரு” என்று ஒரு குரல்பதிவும் வந்தது. நான் இரண்டையும் பார்த்தேன். குளம் பெருகி மறுகால் பாய்கிறது. எல்லோரும் கேமராவைப் பார்க்க, அப்பாவின் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பயல் மட்டும் திரும்பித் தண்ணீரைப் பார்க்கிறான். அது நான்தான். மறுகாலில் மீன் துள்ளியது, படக்காரர் அதட்டியது, எல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கு அழாமல் மீனைப் பார்த்திருக்கிறேன். அன்று பாக்கி வைத்ததைத்தான் இங்கே அன்னத்தைப் பார்த்து அழுதேன் போலிருக்கிறது.

கண்காட்சியில் அப்பாவின் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தேன். மர்யாத்தா முதலில் அன்னங்களைக் கண்டு, “உங்களிடமும் இருக்கிறதா!” என்று மகிழ்ந்தார். அடுத்து மாலையும் கூட்டமுமாக இருந்த படத்துக்கு வந்து, “பணி ஓய்வு விழாவா?” என்று கேட்டார். காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே சாவைப் பற்றி எப்படிப் பேசுவது? ஆமாம் என்றேன். நாடிக்கட்டைச் சுட்டி, “பல்வலியோடு எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்” என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அம்மன் பெயர்க்காரரிடம் அடுத்தடுத்து இரண்டு பொய்! பிறகு அவர் குனிந்து, “இந்தப் பையன் எதைப் பார்க்கிறான்?” என்றார். “எங்கள் குளத்தை” என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்து ஏரிக்கரையில் நின்று என்னை நானே ஒரு படம் எடுத்தேன். பின்னால் நீலத் தண்ணீர், ஊசிமரங்கள், அதிர்ஷ்டத்துக்கு இரண்டு அன்னங்களும் வந்து சேர்ந்தன. அப்பா நிற்பது போலவே கையைக் கட்டிக்கொண்டேன். இசக்கி அண்ணனுக்கு அனுப்பியதும் பதில் வந்தது.

“ஏலே, சேரன்மாதேவிக்கு எப்பலே வந்தே? ஒரு வார்த்த சொல்லலையே.”