மகள் பிரசவத்துக்காகப் படித்த ஸ்பானிஷ்

ஸ்பானிஷ் படிப்பதில் ஆரம்ப வகுப்பு என்பது மாமியார் வீட்டில் முதல் நாள் மாதிரி. எல்லாரும் சிரித்த முகமாக இருப்பார்கள், நடுவகுப்புக்குப் போன பிறகுதான் குணம் தெரியும். என்னைப் போலவே நோட்டும் பேனாவுமாக இந்த வினைச்சொற்களிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. அவர்களாவது நன்றாக இருக்கட்டும்.

நான் படித்தது பத்தாவது. ராயபுரத்தில் வீடு. காலையில் பூசை, மாலையில் ஜெபமாலை, நடுவில் சமையல் என்று இருந்தவள். மகள் ரெஜினா ஸ்பெயினில் நர்சு. அங்கேயே ஆந்த்ரேஸ் என்கிற கப்பல் இன்ஜினீயரைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை தங்கம். அவருடைய அம்மா கார்மெனும் நல்ல மனுஷிதான், ஆனால் ஸ்பானிஷைத் தவிர ஒரு பாஷை தெரியாது. ரெஜினா உண்டானதும், தலைப்பிரசவம் பார்க்க நான் வருகிறேன் என்றேன். அந்த மாதம் மாப்பிள்ளை நடுக்கடலில் இருப்பார். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரே ஒருவரைத்தான் விடுவார்களாம். மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "வலி வந்தா நான் பேசுற நிலைமைல இருக்க மாட்டேம்மா. டாக்டர் சொல்றது உனக்குப் புரியணும், நீ சொல்றது அவங்களுக்குப் புரியணும். இல்லன்னா கார்மென் அம்மாதான் உள்ள வருவாங்க."

பெற்ற வயிறு கேட்குமா? ஆரம்ப வகுப்பை அவள் கல்யாணச் சமயத்திலேயே முடித்திருந்தேன். பெயர் சொல்வேன், சாப்பிட்டீர்களா என்று கேட்பேன், அவ்வளவுதான். இப்போது தண்டையார்பேட்டையில், ஒரு மிளகாய் வத்தல் கிடங்குக்கு மேல் மாடியில் நடக்கும் நடுவகுப்பில் போய்ச் சேர்ந்தேன். பாடம் நடத்தும் நிவேதா மிஸ்ஸுக்கு என் மகள் வயது. பக்கத்து இருக்கையில் சேகர். கன்டெய்னர் அனுப்பும் கம்பெனியில் வேலை, தென் அமெரிக்காவுக்குச் சரக்குப் போவதால் அவர் தலையிலும் இந்தப் பாஷை விழுந்தது. பாதி நேரம் தும்மல், மீதி நேரம் இலக்கணம்.

தண்ணீர் ஆணா, பெண்ணா

ஸ்பானிஷில் மேசை பெண், புத்தகம் ஆண் என்பதை எல்லாம் ஆரம்ப வகுப்பிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்துவிட்டேன். நடுவகுப்பில் மிஸ் ஆகுவாவைக் கொண்டுவந்தார். ஆகுவா என்றால் தண்ணீர். அது பெண்பால். ஆனால் ஒருமையில் அதற்கு முன்னால் ஆண்பாலுக்கு உரிய 'எல்' போட வேண்டும். குளிர்ந்த தண்ணீர் என்றால் 'குளிர்ந்த' மறுபடி பெண். பன்மைக்குப் போனால் முழுக்கப் பெண். ஏன் என்று கேட்டேன். 'ஆ' என்று அழுத்தி ஆரம்பிக்கும் பெண்பால் சொல்லுக்கு அப்படித்தான், காதுக்கு இதமாக இருக்குமாம். யார் காதுக்கு என்று நான் கேட்கவில்லை. பொறுமையாக எழுதிக்கொண்டேன்.

சேகர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இன்னா மிஸ் இது, லாரி வந்து நிக்கச்சொல்ல தண்ணி ஆம்பளையா பொம்பளையான்னு பாத்துகினு இருந்தா கொடம் ரொம்புமா?"

நான் மறுத்த மாப்பிள்ளை

இறந்த காலம் ஸ்பானிஷில் ஒன்று இல்லை. முடிந்துபோனதற்கு ஒன்று, நடந்துகொண்டே இருந்ததற்கு ஒன்று. எதை எங்கே போடுவது என்பதில்தான் எத்தனையோ பேர் வகுப்பை விட்டே ஓடியிருக்கிறார்கள். உங்கள் திருமணத்தைப் பற்றிப் பத்து வரி எழுதிவாருங்கள் என்றார் மிஸ். நான் உண்மையை எழுதினேன். அப்போது எனக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை, டைப்ரைட்டிங் முடிக்க ஆசை, பிறகு அப்பா பேசி முடித்தார். 'கல்யாணம் பண்ண விருப்பம் இல்லை' என்பதற்கு 'நோ கீஸே' என்று எழுதியிருந்தேன்.

மிஸ் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அப்ப உங்களை வண்டியில கொண்டுவந்து விடுறவர் யாரு ஆன்ட்டி?" விஷயம் இதுதான். 'நோ கேரியா' என்றால் விருப்பம் இல்லாமல் இருந்தது. 'நோ கீஸே' என்றால் முடியாது என்று மறுத்தேவிட்டேன். அதே வினைச்சொல், இரண்டும் இறந்த காலம்தான், உருவமும் வாலும் மட்டும் வேறு. முப்பத்தோரு வருடக் குடும்பம் அந்த வாலில் அறுந்து தொங்குகிறது. எங்கள் காலத்தில் விருப்பம் இல்லாமல் இருப்பது ஒன்று, மறுப்பது வேறு என்று எந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்?

வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் நிதானமாகத்தான் தூக்குவார், நிதானமாகத்தான் இறக்குவார். டீயை ஆற்றிக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அந்த கீஸேவ நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, ரெண்டு பேருமே இன்னிக்கு நிம்மதியா இருந்திருப்போம்."

போய்ட்டு வரேன்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சம்பந்தி அம்மாவோடு வீடியோவில் பேசிப் பழக வேண்டும் என்பது மகள் போட்ட சட்டம். நானும் பேசுவேன். வியர்த்துக் கொட்டும். சாப்பாடு, மழை, முழங்கால் வலி என்று ஒரு சுற்று வந்ததும் மரியாதையாக "போய் இ வெங்கோ" என்று சொல்லிவிட்டு வைப்பேன். போய்ட்டு வரேன் என்று அர்த்தம். நம் வீட்டில் 'போறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு யாராவது படியிறங்குவார்களா? அதுவும் வாயும் வயிறுமாக ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில்?

நாலாவது ஞாயிறு மகள் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. ஸ்பானிஷில் அப்படிச் சொன்னால், இதோ ஒரு நிமிஷத்தில் திரும்பி வருகிறேன் என்று அர்த்தமாம். கார்மென் அம்மா மூன்று ஞாயிறும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அடுப்பில் என்னவோ வைத்துவிட்டு வந்திருப்பேன் என்று நினைத்தாராம். மரியாதைக்காக அவரும் சொல்லவில்லை. நாலாவது தடவை பொறுக்க முடியாமல் மருமகளிடம் கேட்டுவிட்டார்.

வகுப்பில் மிஸ்ஸிடம் முறையிட்டேன். 'ஆஸ்தா லுவேகோ' சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம், அதில் போவதும் இல்லை வருவதும் இல்லை என்றார். சொல்கிறேன். ஆனால் சொல்லி வைத்ததும் வாய்க்குள் தமிழில் ஒரு தடவை போய்ட்டு வரேன் சொல்லாவிட்டால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. சம்பந்தி அம்மா மகளிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "உங்க அம்மாவுக்கு என்மேல ஏதாவது கோபமா? ஒவ்வொரு வாரமும் வரேன்னு சொல்லிட்டுப் போறாங்க, வரவே மாட்டேங்கிறாங்க."

சந்தேகத்தில் பிறக்கும் பிள்ளை

இனி வருவதுதான் பெரிய சிலுவை. 'குழந்தை பிறக்கும்போது நான் அங்கே இருப்பேன்' என்று எழுதச் சொன்னார் மிஸ். நான் சாதாரண வினையைப் போட்டு நேராக எழுதினேன். சிவப்பு மை. இன்னும் நடக்காத விஷயத்துக்கு 'நாஸ்கா' என்று வேறு வடிவம் போட வேண்டுமாம். அதற்குப் பெயர் என்ன மிஸ் என்றேன். "சந்தேகமா இருக்குறதுக்குப் போடுறது ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். என் பேரப்பிள்ளை பிறப்பதில் என்ன சந்தேகம்? ஏழாம் மாதம் ஸ்கேனில் கையை ஆட்டுகிறது. என் கையால் அதைச் சந்தேகமாக எழுத மாட்டேன் என்று அந்த வாரம் முழுக்கச் சாதாரண வினையையே போட்டேன். மிஸ்ஸும் சளைக்காமல் சிவப்பு மை போட்டார். அவருக்கும் பொறுமை அதிகம், எனக்கும் பிடிவாதம் அதிகம்.

கோயிலில்தான் விடிந்தது. சாமியார் ஜெபம் சொல்கிறார்: காப்பாராக, அருள்வாராக, இருப்பதாக. எல்லாம் இன்னும் நடக்காதவை. ஆனால் யார் அதில் சந்தேகப்படுகிறார்கள்? கையைக் கூப்பிக்கொண்டு கேட்கிறோம், அவ்வளவுதான். ஓடிப்போய் மிஸ்ஸிடம் சொன்னேன். ஆமாம் ஆன்ட்டி, ஸ்பானிஷ் ஜெபங்களிலும் இதே வடிவம்தான் என்றார். முதல் நாளே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? சரி, பொருள் புரிந்துவிட்டது, இனி கவலை இல்லை என்று நினைத்தேன். அப்போதுதான் ஒரு தாள் முழுக்க விதிவிலக்குகளை நீட்டினார். ஒரு வினைக்கு நடுவில் 'க' முளைக்கிறது, இன்னொன்றுக்குத் தலையே மாறுகிறது, மூன்றாவதை அடையாளமே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகாய் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். சேகர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "வுடுங்க ஆன்ட்டி, கொயந்த பொறந்து, ஸ்கூலுக்குப் போயி, அதுவே வந்து உங்களுக்கு இத்த சொல்லிக் குடுக்கும்."

ஒரு பெயருக்குத்தான் இடம்

எட்டாம் மாதம். ஆஸ்பத்திரிப் படிவத்தில், உள்ளே வரும் துணையின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். ரெஜினா போனில் தயங்கினாள். "அம்மா, கார்மென் அம்மா பேரையே எழுதிடட்டுமா? உனக்குக் கஷ்டம் வேணாம்." சரிம்மா, உனக்கு எது நல்லதோ அது என்றேன். வைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஜெபமாலையின் ஐந்து பத்து மணிகளும் உருண்டன, மனம் மட்டும் உருளவில்லை.

மறுநாள் மிஸ்ஸிடம் போய், சம்பந்தி மனம் நோகாமல் கேட்கிற மாதிரி ஒரு வாக்கியம் வேண்டும் என்றேன். அவர் கரும்பலகையில் எழுதியது இது: 'சி உஸ்தே நோ துவியெரா இன்கொன்வெனியென்தே, மே குஸ்தாரியா என்த்ரார் யோ.' உங்களுக்குச் சங்கடம் ஒன்றும் இல்லையென்றால், நான் உள்ளே போக ஆசைப்படுகிறேன். அந்த 'துவியெரா' எந்தக் காலம், எந்த வடிவம் என்று இன்றுவரை எனக்கு நெஞ்சில் கை வைத்துச் சொல்லத் தெரியாது. குழம்பு கொதிக்கையில் சொன்னேன், துணி பிழிகையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், பக்கத்தில் இருந்த அம்மா தள்ளி உட்கார்ந்தார்.

ஞாயிறன்று ஒரே மூச்சில் சம்பந்தி அம்மாவிடம் ஒப்பித்துவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். தப்பாக என்னவோ சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "நீங்களே போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ரத்தத்தைப் பார்த்தா எனக்கு மயக்கம் வரும். ஆந்த்ரேஸ் பிறந்தப்பவே மயங்கிட்டேன், ஏற்கெனவே படுத்திருந்ததால யாருக்கும் தெரியல."

அவள் சொன்னதும் நான் சொன்னதும்

நான் ஸ்பெயின் போய்ச் சேர்ந்தபின் ஒரு நாள், பகல் பன்னிரண்டு மணிக்கு வலி முற்றியது. பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு நான் உள்ளே. கார்மென் அம்மா வெளியே பெஞ்சில். பிரசவம் பார்க்கும் நர்சம்மா நல்ல ஆகிருதி, துறைமுகச் சங்கு மாதிரிக் குரல். மகளின் காதருகே குனிந்து தள்ளு, தள்ளு என்று ஸ்பானிஷில் முழங்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ரெஜினா அவரிடம் அழகாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஏழு வருடமாகப் பேசுகிற ஸ்பானிஷ். அது மொத்தமும் ஒரே வலியில் காணாமல் போனது. சின்ன வயதில் தெருவில் கற்றுக்கொண்டு வந்து, நான் வாயிலேயே போட்டு நிறுத்திய பேச்சு பொங்கிக்கொண்டு வந்தது.

"யம்மா! இந்தப் பொம்பளய வெளிய போவச் சொல்லும்மா! காதாண்ட வந்து கத்திகினு கீது!"

நர்சம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். இதற்காகத்தானே என்னை உள்ளே விட்டிருக்கிறார்கள். 'அவள் சொல்கிறாள்' என்பதற்குப் பின்னால் வருவது சேதியா, கட்டளையா என்று பார்த்து வினையை மாற்ற வேண்டும். கட்டளைதான். மாதாவே என்று வாயைத் திறந்தேன். "தீசே கே சே கேதே உஸ்தே அ சு லாதோ." நீங்கள் தன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்கிறாள். நர்சம்மா முகம் மலர்ந்துபோய் இன்னும் கிட்டே குனிந்து இன்னும் உரக்க முழங்கினார்.

பேசத்தான் மறந்திருந்தாளே தவிர, மகளுக்குக் காது நன்றாகவே கேட்டது. "நான் அப்டியா சொன்னேன்? யம்மா! இன்னா சொல்லிகினு கீற நீ?" நர்சம்மா மறுபடி என்னைப் பார்த்தார். "தீசே கே தியோஸ் சே லோ பாகே" என்றேன். ஆண்டவர் உங்களுக்குப் பலன் அளிப்பாராக என்கிறாள். அதற்கு ரெஜினா கத்திய கத்தலில் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

பிள்ளையைத் துடைத்து என் கையில் வைத்துவிட்டு, நர்சம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இத்தனை வருஷத்துல வலியில இவ்வளவு மரியாதையாப் பேசின பொண்ணை நான் பார்த்ததே இல்லை, நல்லா வளர்த்திருக்கீங்கம்மா."

ஆக, ஒன்றரை வருடம் உயிரை விட்டுப் படித்து நானாகவே பிழையில்லாமல் பேசிய ஸ்பானிஷ் வாக்கியங்கள் மொத்தம் இரண்டு, இரண்டும் பொய், ஊர் திரும்பியதும் அவற்றைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன்.