நான் பார்க்காத ஓடை

யாங்கோனில், கியாக்டடா பகுதியிலுள்ள அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றின் இணையதளத்துக்கு அதன் வரலாறு எழுதினேன். தேவாலயம், மாவு ஆலை, ஓடை எல்லாம் படத்தில் பார்த்தவைதான். ஓடை வெறிச்சோடிக் கிடந்ததால், ஆற்றின் அக்கரையில் நான் தினமும் படகேறும் டாலா துறையில் விளையாடும் பிள்ளைகளை அதில் குதிக்கவிட்டேன்.

அதைப் படித்த அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் வீடியோவில் அழைத்து, எங்கள் ஊருக்கு எப்போது வந்தீர்கள் என்று கேட்டார். போன வருடம் என்றேன், கூசாமல்.

"என் மகன் மூழ்கியதிலிருந்து அந்த ஓடையில் எந்தப் பிள்ளையும் இறங்குவதில்லை" என்றார்.

"உண்மையைச் சொல்லிடுங்கண்ணே" என்றாள் பக்கத்து மேசை ஃபாத்திமா. சொன்னேன், டாலாவையும் சேர்த்து.

அவர் திட்டியிருந்தால் தேவலை. "அந்தப் பிள்ளைகளைக் கரையில் யாராவது பார்த்துக்கொள்கிறார்களா?" என்றுதான் கேட்டார்.

அன்று மாலை படகிலிருந்து முதல்முறையாகக் கரையைப் பார்த்தேன். பெரியவர்கள் யாரும் இல்லை.