பட்டியலில் கடைசி வீடு

அப்பா இறந்த ஒன்பதாம் நாள், தம்பி பேச்சிராஜ் முத்துராணியிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினான். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும், அப்பாவைப் பற்றிப் பத்து வரி எழுதிக் கொடு என்றான். அவன் வண்ணார்பேட்டையில் ஒரு பேட்டரி கடையில் வேலை பார்க்கிறான். அச்சகம் கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

"நீதாம்க்கா அவருகூட மாடு கன்னப் பத்தியெல்லாம் பேசுவ. எனக்கு என்ன தெரியும்?"

முத்துராணி தாளை வாங்கிக்கொண்டாள். எழுத நிறைய இருந்தது.

அம்மையப்பன் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பிறந்தவர். கிடைமாட்டுக்காரர். பிசான நெல் அறுவடை முடிந்ததும் மாடுகளைப் பத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். பகலெல்லாம் அறுத்த தாளடியில் மேய்த்து, இரவு யாராவது ஒருவர் வயலில் கிடையாக அடைத்துப் போடுவார். சாணமும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம். பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் அவரை வீட்டில் பார்ப்பது அபூர்வம். பார்த்தால், தலையில் வைக்கோல் தூசியோடு வாசலில் நின்று, "ஏளா, தண்ணி கொண்டா," என்பார்.

வாலிபத்தில் அவர் மாட்டுவண்டிப் பந்தயத்தில் சாரதி. கோயில் கொடை விழா நோட்டீஸ்களில் அவர் பெயரைத் தடித்த எழுத்தில் போடுவார்கள். வாலை முறுக்காமல், வெறும் குரலால் காளையை விரட்டுகிறவர் என்று பின்னாளில் பேர் வாங்கினார். ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஆணி வைத்த தார்க்குச்சியால் ரத்தம் வரக் குத்தியிருக்கிறார். அதை அவரே மகளிடம் சொல்லியிருக்கிறார், கேட்காமலே. முப்பத்தெட்டாம் வயதில் ஒரு திருப்பத்தில் வண்டி சாய்ந்து இடது தோள் எலும்பு முறிந்தது. மனைவி இசக்கித்தாய், வயிற்றில் பேச்சிராஜும் இடுப்பில் நாலு வயது முத்துராணியுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலருகே நின்றாள். அன்றோடு பந்தயத்தை விட்டார். மழைக்காலத்தில் அந்தத் தோள் குடையும், தைலம் தேய்த்துக்கொள்வார்.

இசக்கித்தாய் விடிவதற்குள் வாழைத்தோட்டத்து வேலைக்குப் போய்விடுவாள். அதனால் கிடை இல்லாத மாதங்களில் மகளுக்குத் தலை பின்னி விடுவது அவர்தான். கயிறு திரிக்கிற கை. அவர் போட்ட சடை சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது. பிளஸ் டூ முடித்ததும் கால்நடை ஆய்வாளர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வந்தவரும் அவர்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு நாலு பேர் இருக்கும் இடத்தில் அவளை, "ஆய்வாளரம்மா" என்று கூப்பிட்டு, அவள் முறைத்ததும் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பார்.

இதையெல்லாம் முத்துராணி எழுதிவிட்டாள். கடைசி வாரத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

அந்தப் புரட்டாசியில் மாடுகளுக்குத் தோல்கழலை நோய் பரவியது. உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பி, காய்ச்சலில் மாடு தீனி எடுக்காமல் நிற்கும். முத்துராணி வேலை பார்க்கும் கால்நடை மருந்தகம் ஆழ்வார்திருநகரிப் பக்கம். அப்பாவின் ஊரும் அதன் எல்லைக்குள்தான். ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டு வந்தார்கள். அப்பாவின் ஊரில் முகாம் நடந்த அன்று அவருடைய பத்தொன்பது மாடுகளும் கார் நெல் அறுத்த வெளியூர் வயலில் நாலு நாள் கிடைக்குப் போயிருந்தன. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று அவள் விட்டுவிட்டாள். அவள் பட்டியலில் அப்பாவின் வீடு எப்போதும் கடைசி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டீக்கடையில் யாரோ, "இனி மருந்தெல்லாம் அப்பன் தொழுவுக்குத்தான் போவும்," என்று சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. அந்தப் பேச்சு இன்னொரு முறை வரக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். அப்பாவும், ஊரார் மாட்டை முதலில் பார் என்றுதான் சொல்வார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் போன் செய்தார்.

"ஏளா முத்து, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்கப்பா."

"செவலைக் கன்னு பால் குடிக்க மாட்டேங்கு. வாயெல்லாம் புண்ணு."

"காதைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"கொதிக்கு."

"எந்திரிச்சு நிக்கா? மூத்திரம் போவுதா? மத்ததுல எத்தனைக்குத் தடிப்பு வந்திருக்கு?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பதினொரு மாட்டுக்கு வந்திருந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னாள். வெல்லத்தண்ணியில் உப்புப் போட்டு, புரை ஏறாமல் பைய ஊற்றச் சொன்னாள்.

"அப்படித்தான் செய்யுதேன். நாலு நாளாக் குனிஞ்சு நிமிந்து, இடது தோளு ஒரு மாதிரி இழுக்கு தாயி. கை வரைக்கும் வருது."

"அது பழைய வலிதானப்பா. அம்மாவத் தைலம் தேய்க்கச் சொல்லுங்க. நான் வெள்ளிக்கிழம வாரேன்."

"ஊராரு மாட்டப் பாத்துட்டே வா. அவசரமில்ல."

புதன்கிழமை அவள் கிருபைராஜ் சார் வீட்டுப் பசுவைப் பார்க்கப் போனாள். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். அந்த ஒரு சினைப்பசுவைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். அங்கிருந்து அப்பா வீட்டுக்கு ஸ்கூட்டியில் இருபது நிமிஷம். திரும்பும்போது ஆற்றுப் பாலத்தருகே வண்டியை நிறுத்தி ஒரு நொடி யோசித்தாள். வியாழக்கிழமை முகாமுக்கு மருந்துக் குப்பிகளை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. மருந்தகத்துக்கே வண்டியைத் திருப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அப்பா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அம்மா போன் செய்தாள். அம்மையப்பன் கன்றின் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

ஒரு காளை முன்னங்காலை இழுத்து நடந்தால் முத்துராணி எத்தனை கேள்வி கேட்பாள்? எப்பத்திலிருந்து, மூச்சு வாங்குகிறதா, வேர்க்கிறதா, தீனி எடுக்கிறதா. அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டதெல்லாம் கன்றைப் பற்றி.

சுடுகாட்டில் சாம்பல் அள்ளிக் காடாத்து முடிந்த மறுநாளே அவள் தொழுவில் இறங்கினாள். ஊசி போட்டாள், புண் கழுவினாள், சாணம் அள்ளினாள். சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் அதைப் பார்த்து மெச்சினார்கள். கிருபைராஜ் சார் எல்லார் முன்னாலும் கண் கலங்கச் சொன்னார்: "சொந்த அப்பா மாடு சீக்காக் கெடக்கு, அத விட்டுட்டு என் பசுவப் பாக்க வந்தா. இப்படி ஒரு பிள்ள யாருக்கு அமையும்?" முத்துராணி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

பேச்சிராஜுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. அவள் எழுதிக் கொடுத்த தாளில் கடைசி வரியாக, 'கடமை தவறாத மகளைப் பெற்றவர்' என்று சேர்த்து, அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் காட்டினான். அவள் பேனாவை வாங்கி அந்த வரியைத் தாள் கிழிகிற மாதிரி அடித்தாள்.

"ஏங்க்கா?"

"வேண்டாம்லே. அது இருந்தா நோட்டீஸே வேண்டாம்."

விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து முத்துராணி எல்லாவற்றையும் சொன்னாள். போனில் அப்பா தோள் வலியைச் சொன்னது. தைலம் தேய்க்கச் சொன்னது. பாலம் வரை வந்து திரும்பியது.

இசக்கித்தாய் கழுவுவதை நிறுத்தவில்லை.

"எங்கிட்டயும் சொன்னாரு," என்றாள். "நாந்தான் தைலம் தேச்சேன். தேய்க்கையில வேத்து ஊத்துச்சு. தைலச் சூடுன்னு நெனச்சேன்."

"அம்மா."

"நீ போன்ல கேட்டவ. நான் கையால தொட்டவ." ஒரு குண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். "உன் மேல தப்பில்லன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு யாரு சொல்லுவா?"

முத்துராணி மிச்சப் பாத்திரங்களைத் தன் பக்கம் இழுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

நோய் கண்ட பதினொரு மாடுகளில் ஒன்பது பிழைத்தன. செவலைக் கன்றும் பிழைத்தது. மொத்தத்தையும் விற்றுவிடலாம் என்றான் பேச்சிராஜ். அம்மா சம்மதிக்கவில்லை. நாலை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அப்பாவோடு கிடை போட்ட ஒருவரிடம் ஒப்படைத்தாள்.

மார்கழியில் கிருபைராஜ் சாரின் பசு கன்று போட்டது. அவர் ஒரு தூக்குவாளி நிறையச் சீம்பால் கொடுத்து அனுப்பினார். திருப்பிக் கொடுத்துவிட நினைத்த முத்துராணி, வாளியை ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டாள். அம்மா வீட்டுக்குக் கொண்டு போனாள். எங்கிருந்து வந்தது என்று இசக்கித்தாய் கேட்டாள். அந்தப் புதன்கிழமை பார்க்கப் போன பசுவோடது என்று முத்துராணி சொன்னாள். இசக்கித்தாய் வாளியை வாங்கி, கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, ஏலக்காய் நசுக்கி, ஆவியில் வேகவைத்தாள். துண்டு போட்டு இரண்டு தட்டில் வைத்தாள்.

"ஆறிப்போவும், தின்னு," என்றாள்.

இரண்டு பேரும் தின்றார்கள்.