ஜெரூஷா மேடத்தின் கைப்பிடி அரிசி

என்னைப் போல ஓர் அவசரக்குடுக்கை தாம்பரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான். நல்லது செய்கிறேன் என்று இறங்கி, ஜெரூஷா மேடத்தை வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான்.

எங்கள் கல்லூரியில், பழைய என்.சி.சி. அறையில் ஓர் உணவு அலமாரி இருக்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், சேமியா எல்லாம் இருக்கும். இல்லாதப்பட்ட மாணவர்களும் ஊழியர்களும் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். யாரும் கேள்வி கேட்கக் கூடாது. சாவி, ஆபீஸ் அசிஸ்டென்ட்டான இந்தச் சிவகுமாரிடம்.

அலமாரிக்கு முதன்முதலில் அரிசி கொடுத்தவர் ஜெரூஷா மேடம்தான். தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். பன்னிரண்டு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். கௌரவமெல்லாம் பெயரில்தான். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது, அதற்குப் பிறகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அம்மா போனபின் இரும்புலியூரில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். உலை வைக்கும்போதெல்லாம் சர்ச்சுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பது அவர்கள் சபைப் பெண்களின் வழக்கம். கைப்பிடி அரிசி என்பார்கள். பாஸ்டரிடம் சொல்லிவிட்டு, மேடம் அதை மாதாமாதம் எங்கள் அலமாரிக்குக் கொண்டுவந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'கொடுத்து உதவியவர்கள்' என்று வாசலில் போர்டு மாட்டி, முதல் பெயராக அவர் பெயரை நானே பெயின்ட்டில் எழுதினேன்.

ஜூனிலும் ஜூலையிலும் அவர் அரிசி வரவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆகஸ்டில் ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்துவிட்டார். ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கஞ்சி வைத்துக் கொடுக்கலாம் என்று அரிசி டப்பாவைத் திறந்தால் சுத்தமாகக் காலி. பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதில் மட்டும் கொஞ்சம் அரிசி.

"அத எடுக்காதீங்கண்ணா. அது கைப்பிடி," என்றார் படுத்தபடியே.

நாலு பிடி இருந்தால் அதிகம். உலைக்கு ஒரு பிடி என்றால், ரெண்டு மாதத்தில் இந்த வீட்டில் நாலு முறைதான் உலை கொதித்திருக்கிறது. கோபமாகவே கேட்டேன்: "அங்க அவ்ளோ அரிசி கீதே மேடம், வந்து எடுத்துக்கினா இன்னா?"

"வாசல்லயே என் பேர் இருக்கேண்ணா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உள்ள வந்து பையை நீட்டுறது?"

நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். ஓட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடி, நாளைக்கு வருகிறேன் என்று ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தின்னர் போட்டு அவர் பெயரைத் துடைத்தேன். பேர்தானே தடை, ஒழிந்தது என்று சந்தோஷம் வேறு. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கத் தோன்றவில்லை. மதியம் அறையைத் திறந்தே வைத்துவிட்டு நான் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது வாசற்படியில் அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. வாட்ச்மேன் லாசரஸ் சொன்னார்: "ஜெரூஷா மேடம் மஞ்சப்பையோட வந்தாங்க. ரொம்ப நேரம் போர்டையே பாத்துக்கினு நின்னாங்க. இன்னாவோ எழுதி வெச்சிட்டு அப்படியே போயிட்டாங்க."

பாட்டிலுக்கு அடியில் ஒரு சீட்டு. 'சிவகுமார் அண்ணா, இரண்டு மாதமாகக் கொடுக்க முடியவில்லை. பெயரை எடுத்தது சரிதான். இருந்ததைக் கொண்டுவந்தேன்.'

ஓடிப்போய் விளக்கம் சொன்னேன். பரவாயில்லை என்றார், நம்பவில்லை. அரிசிப் பையோடு இரும்புலியூருக்குப் போனேன், கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கமே அவர் வருவதில்லை. வராந்தாவில் எதிரே வந்தால், சாப்பிட்டாச்சா மேடம் என்று கேட்கிறேன். கேட்க எனக்கு வேறு என்ன இருக்கிறது?

"ஆச்சுண்ணா," என்கிறார், நிற்காமல்.