ஓல்கா கழற்றாத மோதிரம்

மினியாபொலிஸ் நகரில், ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் நான்காம் மாடியில், பதினொரு வருஷமாகக் கோப்புக் குமாஸ்தாவாக இருந்தாள் ஓல்கா ஹால்வர்சன். எரிந்துபோன களஞ்சியம், இடி விழுந்து செத்த குதிரைகள், இயந்திரத்தில் கையைக் கொடுத்தவன் என்று அந்த மாகாணத்தின் துயரமெல்லாம் அவளுடைய இழுப்பறைகளில் கிடந்தது. பாதிப் பெயரைச் சொன்னால் போதும், போய் எடுத்து வந்துவிடுவாள். அவளிடம் வேலை கற்ற ஆண்கள் மூன்று பேர் பதவி உயர்ந்து அதிகாரிகளின் கண்ணாடி அறைகளுக்குப் போய்விட்டார்கள். தலைமைக் குமாஸ்தா பிரெண்டிஸ் அவர்களில் ஒருவர்.

1926 நவம்பரில், ஒரு சனிக்கிழமை, டிராம் ஓட்டும் ஐனாரை அவள் மணந்தாள். கல்யாணமான பெண்ணுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடையாது. மற்றவர்கள் மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வார்கள். ஓல்கா திங்கட்கிழமை அதை விரலிலேயே போட்டுக்கொண்டு வந்தாள்.

பத்து மணிக்குள் பிரெண்டிஸ் மேஜையருகே வந்து நின்றார்.

“மிஸ் ஹால்வர்சன், அதைக் கழட்டிடுங்க. நான் பாக்கலன்னு வச்சுக்கறேன்.”

“பாத்துட்டீங்களே சார்.”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இனிமே உங்க வீட்டுக்காரர் சம்பாதிப்பாரு, உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?”

“உங்களுக்கும்தான் கல்யாணம் ஆச்சு. மறுநாளே வேலைக்கு வந்தீங்க. அன்னிக்கு உங்களை யாராவது இப்படிக் கேட்டாங்களா?”

பக்கத்து மேஜைகளில் தட்டச்சு நின்றது. பிரெண்டிஸ் காது சிவக்க, புதன்கிழமை வரை அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார்.

மதியம் ஓல்கா ரொட்டியும் மீனும் தின்றுகொண்டிருக்கும்போது ரோஸ் டுவோராக் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாய்த்துடுக்குக்காரி, கல்யாணம் ஆகாதவள்.

“ஏண்டி, கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?”

“பதினொரு வருஷமா மூடிட்டுத்தானே இருந்தேன்? என்னத்தக் கண்டேன்?”

மாலையில் ரோஸ் மலிவுக் கடைக்குப் போய், திரைச்சீலை மாட்டும் பித்தளை வளையங்களில் சிறியதாகப் பார்த்து ஒரு பொட்டலம் வாங்கினாள்.

புதன்கிழமை பிரெண்டிஸ் கதவைத் திறந்தபோது இருபத்தாறு பெண்களின் இடது கை மோதிர விரலிலும் வளையம் இருந்தது. அறுபது வயது கன்னி மிஸ் பார்ட்லெட்கூடப் போட்டிருந்தாள்.

“என்ன கூத்து இது?”

“எங்களுக்கும் கல்யாணம் சார்,” என்றாள் ரோஸ். “மாப்பிள்ளை யாருன்னுதான் இன்னும் முடிவாகல.”

ஆண்டு இறுதி நெருக்கடி. இருபத்தாறு பேரையும் அனுப்பிவிட்டு ஆபீஸை நடத்த முடியாது. பிரெண்டிஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆனால் கம்பெனி மறக்கவில்லை. நெருக்கடி தீர்ந்ததும், பிப்ரவரியில், பிரெண்டிஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வேலைநீக்கத் தாளை நீட்டினார். ‘ஆள் குறைப்பு’ என்று காரணம் எழுதியிருந்தது.

“கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றாள் ஓல்கா. “இது பொய். கல்யாணம் பண்ணிக்கிட்டதால அனுப்பறோம்னு எழுதுங்க. நீங்க எழுதற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் எல்லாக் கண்களும் அங்கேதான் இருந்தன. ஒரு மணி நேரம் கழித்துப் பிரெண்டிஸ் பேனாவை எடுத்து, வரியை அடித்து, அவள் சொன்னபடியே எழுதினார். அவள் ஒரு பிரதியும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஏழு ஆபீஸ்கள் அவளைத் திருப்பி அனுப்பின. எட்டாவது, ரயில்வே சரக்குக் கிடங்கு. அங்கேயும் விண்ணப்பத்தில் ‘திருமதி’ என்று பெரிதாக எழுதினாள். கிடங்குக்காரர் படித்துவிட்டு, “எழுத்து நல்லாருக்கு. நாளைக்கு ஏழு மணிக்கு வாங்கம்மா,” என்றார்.